கல்லூரி வகுப்பில் வலைப்பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடத்தோடு வலைப்பதிவைச் சேர்க்க நினைக்கும் ஆசிரியர்களும், அதில் எழுதப்போகும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களின் தொகுப்பு இது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. 60 பேர் கொண்ட இளநிலை வகுப்பு, 15 வார செமஸ்டர், அகமதிப்பீட்டுக்கு 25 தேர்வுக்கு 75 என்ற பிரிப்பு ஆகியவற்றை வைத்துக் கணக்குகள் போடப்பட்டுள்ளன. உங்கள் கல்லூரியில் எண்கள் வேறென்றால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கு, கூகுள் கிளாஸ்ரூம் இருக்கு. இதுக்கு மேல வலைப்பதிவு எதுக்கு சார்?

வாட்ஸ்அப்பில் திங்கட்கிழமை எழுதியது வெள்ளிக்கிழமைக்குள் மேலே போய் மறைந்துவிடும். கிளாஸ்ரூமில் ஒப்படைத்த கட்டுரையை ஆசிரியர் மட்டுமே பார்ப்பார். பக்கத்து பெஞ்சுக்காரர் என்ன எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. வலைப்பதிவில் எழுதியது தேதியோடும் தலைப்போடும் குறிச்சொல்லோடும் அங்கேயே நிற்கும். மூன்றாம் வாரம் எழுதியதற்குப் பன்னிரண்டாம் வாரம் இணைப்புக் கொடுத்து, அப்போது நினைத்தது ஏன் சரியில்லை என்று அதே மாணவர் எழுத முடியும்.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப்பும் மதிப்பெண்ணுக்குக் கிளாஸ்ரூமும் இருக்கட்டும். பாடக்குறிப்புகளை ஏற்றிவைக்கும் இடமாகத்தான் வலைப்பதிவு இருக்கப்போகிறது என்றால் அது வேண்டாம், டிரைவ் கோப்புறையே போதும். மாணவர் எழுதியதை மற்ற மாணவர் வாசிக்க வேண்டும், வாசித்தது வகுப்புப் பேச்சில் இடம்பெற வேண்டும். அது நடக்காவிட்டால் இத்தனை உழைப்பும் வீண்.

எந்தத் தளத்துல தொடங்கலாம்? காசு கட்டணுமா?

காசு தேவையில்லை. பிளாகர், வேர்ட்பிரஸ் டாட் காம் இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம். முதல்முறை செய்பவருக்குப் பிளாகர் எளிது. கூகுள் கணக்கு இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். ஒரு வலைப்பதிவில் 100 உறுப்பினர் வரை சேர்க்கலாம் என்பதால் 60 பேர் வகுப்பு அடங்கிவிடும். மாணவர்களை ‘எழுத்தாளர்’ நிலையில் சேருங்கள், ‘நிர்வாகி’ நிலையில் அல்ல. எழுத்தாளர் தன் பதிவை மட்டுமே திருத்த முடியும். நிர்வாகியோ அடுத்தவர் பதிவையும் அழிக்கலாம்.

கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் பிளாகர் திறக்கவில்லை என்றால் உங்கள் தவறு அல்ல. கல்லூரியின் கணக்கு நிர்வாகி அந்தச் சேவையை முடக்கி வைத்திருப்பார், அவரிடம் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸில் இன்னொரு சிக்கல் அடிக்கடி வரும். ‘கான்ட்ரிபியூட்டர்’ நிலையில் இருப்பவர் எழுதலாம், ஆனால் தானாக வெளியிடவோ படம் ஏற்றவோ முடியாது. “படம் போகமாட்டேங்குது” என்று வகுப்பே சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். ‘ஆத்தர்’ நிலைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

வகுப்புக்கு ஒரே வலைப்பதிவா, ஆளுக்கொண்ணா?

இளநிலையில் வகுப்புக்கு ஒன்று. எல்லாரும் ஒரே இடத்தில் எழுதும்போது வாசிப்பு தானாக நடக்கும், ஆசிரியரும் ஒரே பக்கத்தைத் திறந்தால் போதும். ஆளுக்கொன்று தொடங்கினால் 60 முகவரிகள் சிதறிக் கிடக்கும். இரண்டாம் மாதத்தில் பாதிக்கு மேல் தூசு படிந்திருக்கும்.

முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்கு ஆளுக்கொன்று பொருந்தும். அப்போது எல்லா வலைப்பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் ஒரு திரட்டி வேண்டும். தமிழ்ப் பதிவுலகில் 2004 முதல் தமிழ்மணம் செய்த வேலையை வகுப்பு அளவில் செய்வதுதான் இது: ஒவ்வொரு வலைப்பதிவின் ஆர்எஸ்எஸ் ஓடையையும் (புதிய பதிவுகளைத் தானாக அனுப்பும் பட்டியல்) ஓர் ஓடைவாசிப்பானில் சேர்த்துவிட்டால் புதிதாக வருவதெல்லாம் ஒரே வரிசையில் தெரியும். பிளாகரில் ஒரு வலைப்பதிவை அழைக்கப்பட்டவர் மட்டும் வாசிக்கும்படி பூட்டினால் அதன் ஓடை நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பதிவு எழுதச் சொல்றது? வாரம் ஒண்ணு சரியா இருக்குமா?

வாரம் ஒன்று என்றால் 60 பதிவுகள். ஆசிரியரும் வாசித்து முடிக்க மாட்டார், மாணவரும் கடமைக்கு எழுதுவார். வகுப்பை 20 பேர் கொண்ட மூன்று அணிகளாகப் பிரியுங்கள். முதல் இரண்டு வாரம் கணக்குத் தொடங்கவும் பயிற்சிக்கும் போகட்டும். மூன்றாம் வாரம் முதல் அணி, நான்காம் வாரம் இரண்டாம் அணி, ஐந்தாம் வாரம் மூன்றாம் அணி என்று சுழன்றால் பதினான்காம் வாரம் முடியும்போது ஒவ்வொருவரும் 4 பதிவு எழுதியிருப்பார். எழுதாத 8 வாரங்களிலும் வாரம் ஒரு பின்னூட்டம். 20 பதிவுகளுக்கு 40 பேர் பின்னூட்டம் இடுவதால் ஒரு பதிவுக்கு இரண்டு கிடைக்கும்.

நீளம் தமிழில் 200 முதல் 250 சொல், ஆங்கிலத்தில் 300 முதல் 400. தமிழில் உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிவிடுவதால் அதே செய்தி குறைந்த சொற்களில் அடங்கிவிடும். இரு மொழிக்கும் ஒரே எண் வைத்தால் தமிழில் எழுதுபவர் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், அது நியாயமில்லை.

என்ன எழுதுறதுன்னே பசங்களுக்குத் தெரியல. புத்தகத்துல இருக்கறதையே டைப் பண்ணிப் போடுறாங்க.

கேள்வி அப்படி இருந்திருக்கும். பொருளாதாரத்தில் ‘தேவை விதி பற்றி ஒரு பதிவு எழுதுக’ என்றால் புத்தகம்தான் வரும், வேறெதுவும் வர வழியில்லை. ‘உங்கள் ஊர் உழவர் சந்தையில் இந்த வாரம் மூன்று நாள் தக்காளி விலையைக் குறித்து வாருங்கள்; விலை ஏறிய நாளில் வீட்டில் எதை மாற்றிச் சமைத்தார்கள், தேவை விதி இதை முழுதும் விளக்குகிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தை அப்படியே எடுத்துப் போட இடமிருக்காது. தாவரவியலில் கல்லூரி வளாகத்து மரம் ஒன்றை நான்கு பதிவிலும் தொடர்ந்து கவனிக்கச் சொல்லலாம்: தளிர், பூ, காய், வந்துபோகும் பூச்சி. வரலாற்றில் பக்கத்துக் கோயில் கல்வெட்டின் அச்சான பாடத்தை எடுத்து, அதில் வரும் அளவைப் பெயர்களையும் வரிப் பெயர்களையும் விளக்கச் சொல்லலாம். இயற்பியல் செய்முறையில் விடை சரியாக வந்த சோதனையைவிட வராத சோதனை நல்ல பதிவாகும். பிழை எங்கே நுழைந்தது என்று தேடி எழுத வேண்டியிருக்கும்.

நல்ல வினாவில் மூன்று இருக்கும்: மாணவர் தானே போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று, பாடத்திலிருந்து ஒரு கருத்து, இரண்டும் ஒட்டாத இடத்தைத் தேடச் சொல்லும் ஒரு வரி. மூன்றாவதை விட்டுவிட்டால் பதிவு வெறும் வருணனையாக நின்றுவிடும். முதல் சுற்றுக்கு முன் ஆசிரியரே ஒரு மாதிரிப் பதிவு எழுதிப் போடுவது மிக முக்கியம். கச்சிதமாக இருக்க வேண்டியதில்லை. பதிவு என்றால் இவ்வளவுதான், இப்படித்தான் என்று அதைப் பார்த்துத்தான் வகுப்பு புரிந்துகொள்ளும்.

தமிழ்ல எழுதலாமா? எனக்கு டைப் பண்ணவே வராதே.

தமிழ்வழி வகுப்பானால் தமிழில்தான் எழுத வேண்டும். ஆங்கிலவழியானாலும் முதல் வரைவைத் தமிழில் எழுத விடுங்கள், சிந்தனை தெளிவாக வரும். போனில் ஜிபோர்டு, செல்லினம் போன்ற விசைப்பலகைகள் உண்டு. ஜிபோர்டில் தமிழில் பேசியே எழுதலாம்; பிறகு ஒற்றுப்பிழையும் ர, ற மயக்கமும் பார்த்துத் திருத்த வேண்டும். கணினியில் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது நீண்டகாலத்துக்கு நல்லது. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற அமைப்பு அது. மெய் வரும் இடங்களில் புள்ளியைப் பெரும்பாலும் தானே இட்டுக்கொள்வதால் விசை அழுத்தம் குறையும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே ஒட்டினால் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கிய பிறகே ஒட்டுங்கள். வேர்டிலிருந்து ஒட்டும்போது எழுத்தளவும் நிறமும் ஒட்டிக்கொண்டு வரும். கண்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உரை மட்டும் வரும். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம்மாறும். அதைச் சரிசெய்து கொண்டிருப்பதைவிடத் திரும்ப அடிப்பதே சுருக்கமான வழி.

பாதிப் பேர்கிட்ட லேப்டாப் இல்ல. போன் மட்டும்தான்.

போன் போதும், அதற்கேற்பப் பணியை அமையுங்கள். உரையைக் கூகுள் டாக்ஸில் எழுதி, முடித்த பிறகு உலாவியில் பிளாகரைத் திறந்து ஒட்டச் சொல்லுங்கள். நேரடியாகப் பிளாகரில் எழுதிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தோ இணையம் அறுந்தோ போனால் எழுதியது தொலையலாம்.

போனில் எடுத்த படம் பல எம்பி இருக்கும். 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் போதும். கையில் வேறு கருவி இல்லையென்றால் படத்தைத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி அதை ஏற்றலாம்: அளவும் குறையும், படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் இரண்டும் நடக்காது.

கணக்கு டிபார்ட்மெண்ட்டுக்கு இது ஒத்துவருமா? சமன்பாட்டை எப்படிப் போடுறது?

வேர்ட்பிரஸ் டாட் காமில் சமன்பாடுகளை எழுதப் பயன்படும் லேடெக் குறியீடு நேரடியாக வேலை செய்யும். பிளாகரில் வார்ப்புருவின் தலைப்பகுதியில் அந்தக் குறியீட்டைச் சமன்பாடாகக் காட்டும் மேத்ஜாக்ஸ் நிரல்துண்டை நிர்வாகி ஒருமுறை சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் வேலை செய்யும். லேடெக் தெரியாதவர் தாளில் தெளிவாக எழுதிப் படமெடுத்துப் போடலாம், தவறில்லை. கணக்குப் பதிவில் விடையைவிட எந்த வரியில் தடுக்கியது, எதை மாற்றியதும் வழி திறந்தது என்ற விளக்கம்தான் வேண்டியது. அதற்குச் சொற்களே போதும்.

யாருமே கமெண்ட் போடுறதில்ல. போட்டாலும் ‘அருமை தோழி’, ‘சூப்பர்’ இவ்வளவுதான்.

நல்ல பின்னூட்டம் எப்படி இருக்கும் என்று காட்டாமல் கேட்டால் இதுதான் கிடைக்கும். மூன்று வகை சொல்லிக் கொடுங்கள், அதில் ஒன்றைத் தேர்ந்து எழுதட்டும்: பதிவில் வரும் ஒரு வரியை மேற்கோளாக எடுத்து அதற்கு வேறொரு சான்று தருவது, ஒத்துக்கொள்ளாத இடத்தைக் காரணத்தோடு சொல்வது, பதிவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வி கேட்பது. இவற்றில் அடங்காததற்கு மதிப்பெண் இல்லை. முதல் வாரம் இரண்டு பின்னூட்டங்களை வகுப்பில் திரையில் காட்டி, ஒன்று ஏன் மற்றதைவிட நல்லது என்று பேசினால் அடுத்த வாரமே மாற்றம் தெரியும்.

நண்பர்களுக்குள்ளேயே பின்னூட்டம் சுற்றுவது இன்னொரு சிக்கல். யார் யாருக்கு எழுத வேண்டும் என்று வரிசை எண்ணை வைத்து ஆசிரியரே ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடமும் ஒரு பதிவையும் அதன் கீழே நடந்த உரையாடலையும் எடுத்துப் பேசுங்கள். தான் எழுதியது வகுப்பில் பேசப்படும் என்று தெரிந்தவர் எழுதும் விதமே வேறு. இந்த ஐந்து நிமிடத்தை நேரமில்லை என்று விட்டுவிடும் வகுப்புகளில் வலைப்பதிவு செத்துப்போகிறது. மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

இதுக்கெல்லாம் எப்படி மார்க் போடுறது மேடம்? எனக்கு நாலு பேப்பர் இருக்கு.

முன்பு சொன்ன மூன்றணி முறையில் வாரத்துக்கு 20 பதிவுதான். ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஒரு மணி நேரம். பதிவுக்கு 3 மதிப்பெண் வரை: எழுதாவிட்டால் 0, புத்தகத்தில் உள்ளதைத் திரும்பச் சொன்னால் 1, தானே பார்த்த சான்றோ தரவோ இருந்தால் 2, அதைப் பாடக்கருத்தோடு உரசிப் பார்த்திருந்தாலோ இன்னொருவர் பதிவோடு இணைத்து வாதிட்டிருந்தாலோ 3. ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் 1. நான்கு பதிவுக்கு 12, எட்டுப் பின்னூட்டத்துக்கு 8, ஆக 20. அதை நான்கால் வகுத்தால், ஒப்படைப்புக்கு 5 மதிப்பெண் ஒதுக்கும் கல்லூரிகளில் நேரே பொருந்தும்.

எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். குறைத்தால் நீளமான வாக்கியங்களும் துணிச்சலான கருத்துகளும் முதலில் காணாமல் போகும். மதிப்பெண்ணைப் பதிவின் கீழே எழுதாதீர்கள். கிளாஸ்ரூமில் தனியாகச் சொல்லுங்கள்.

பசங்க தப்பா எழுதினது பொதுவுல இருக்கே. நான் உடனே திருத்திடணுமா?

நிர்வாகியாக உள்ளே போய் மாணவரின் வாக்கியத்தை மாற்றாதீர்கள். தகவல் பிழையானால் பின்னூட்டத்தில் கேள்வியாகக் கேளுங்கள். மாணவர் பழையதை அழிக்காமல், கீழே தேதியிட்டுத் திருத்தக் குறிப்பு சேர்க்கட்டும். அந்தக் குறிப்புக்கு மதிப்பெண்ணும் உயர்த்திக் கொடுங்கள். மருந்து அளவு, மின் இணைப்பு, வேதிப்பொருள் கலவை போன்று யாராவது பின்பற்றினால் ஆபத்தாகும் பிழை மட்டும் விதிவிலக்கு. அதை உடனே வரைவு நிலைக்குத் திருப்புங்கள்.

பொண்ணுங்க பேரோட இணையத்துல எழுத வீட்டுல சம்மதிக்க மாட்டாங்க. என்ன பண்றது?

கட்டாயப்படுத்தக் கூடாது. வகுப்புக்குள் மட்டும், புனைபெயரில் பொதுவெளி, சொந்தப் பெயரில் பொதுவெளி என மூன்று நிலைகளை வைத்து மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். எந்த நிலைக்கும் மதிப்பெண் வேறுபாடு இருக்கக் கூடாது. முதல் சுற்று முழுவதையும் வகுப்புக்குள் வைத்துக்கொள்வது நல்லது; எழுதிப் பழகிய பின் பலரும் தாங்களே வெளியே வர விரும்புவார்கள். புனைபெயர்ப் பட்டியல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். ‘தேடுபொறியில் காட்டாதே’ என்ற அமைப்பைத் தட்டினால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள், இணைப்பு கிடைத்த எவரும் வாசிக்கலாம்.

முதலாண்டு மாணவரில் சிலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைச் சிறுவராகவே கொள்கிறது, ஆகவே பெற்றோர் ஒப்புதல் கேளுங்கள். பதிவு எண், விடுதி அறை, போன் எண், பேருந்து நேரம் எதுவும் பதிவில் வரக்கூடாது. களப்பணியில் பேட்டி கண்டவரின் படத்தை அவர் ஒப்புதலின்றிப் போடக்கூடாது. அரிய செடியோ பறவைக்கூடோ கண்டால் இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டாம். பறித்துப் போக வருபவரும் வாசிப்பார்.

கூகுள்ல வர்ற படத்தை எடுத்துப் போட்டு ‘நன்றி கூகுள்’னு போட்டா போதுமா?

போதாது. கூகுள் தேடித்தான் தருகிறது, படம் வேறொருவருடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்குச் சில விலக்குகள் தருகிறது. வகுப்புக்குள் காட்டுவதற்கு உள்ள அந்த விலக்கு, உலகமே பார்க்கும் பக்கத்துக்கும் அப்படியே செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். சொந்தப் படமே சிறந்தது. இல்லையென்றால் விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, படைத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், மூலப்பக்க இணைப்பு மூன்றையும் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

அதே சட்டப்படி மாணவர் எழுதிய பதிவின் உரிமை மாணவருடையது. கல்லூரி மலரில் எடுத்துப் போட வேண்டுமானாலும் அவரைக் கேட்க வேண்டும்.

ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டுடுறாங்களே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேர்மையாக எழுதிய மாணவரைக் குற்றவாளியாக்கினால் அந்த வகுப்பில் பிறகு யாரும் மனம்விட்டு எழுத மாட்டார்கள்.

சொந்த ஊர்த் தரவு கேட்கும் வினா பாதிச் சிக்கலைத் தீர்க்கும். தக்காளி விலையோடு அன்றைய சந்தை விலைப்பலகையின் படத்தையும் கேளுங்கள். மீதிக்கு வரைவின் வரலாறு உதவும். பிளாகரில் பழைய வடிவங்கள் சேமிக்கப்படுவதில்லை, கூகுள் டாக்ஸில் சேமிக்கப்படும். போன் பற்றிய கேள்வியில் டாக்ஸில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அதோடு வாரம் மூன்று பேரை வகுப்பில் இரண்டு நிமிடம் தங்கள் பதிவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். மொழி திருத்த ஏஐயைப் பயன்படுத்தினால் கடைசி வரியில் அதைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால் மறைக்கும் தேவையும் குறையும்.

நான் பிஎச்டி பண்றேன். பதிவுல எழுதினதை அப்புறம் ஜர்னல்ல போட முடியுமா?

இதழைப் பொறுத்தது. முன்வெளியீடு பற்றிய அதன் விதியை எழுதும் முன்பே பாருங்கள். வாசித்த நூல்கள், முறையியல் ஐயங்கள், களத்தில் தடுமாறிய இடங்கள் ஆகியவற்றைப் பதிவில் எழுதலாம். முடிவுகளையும் அட்டவணைகளையும் வெளியீட்டுக்குப் பின் எழுதுங்கள். ஆய்வேட்டை ஒப்புமைச் சோதனைக்கு (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்ப்பது) அனுப்பும்போது உங்கள் பதிவே பொருந்தி நிற்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை போனால் நடவடிக்கை உண்டு என்பதால், பதிவின் முகவரியை நெறியாளரிடம் முன்பே எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

காப்புரிமை (பேடன்ட்) பெற வாய்ப்புள்ள கண்டுபிடிப்பானால் விண்ணப்பிக்கும் வரை ஒரு வரிகூடப் பதிவிடாதீர்கள். பொதுவில் வெளியிட்டதும் அதன் புதுமை போய்விடும். இந்தியச் சட்டம் தரும் 12 மாத விலக்கு குறிப்பிட்ட சில சூழல்களுக்கு மட்டுமே, வலைப்பதிவு அதில் அடங்கும் என்று எண்ணாதீர்கள்.

செமஸ்டர் முடிஞ்சா அந்தப் பதிவெல்லாம் என்ன ஆகும்?

கல்லூரிக் கணக்கில் தொடங்கியிருந்தால், படிப்பு முடிந்து கணக்கு மூடப்படும்போது மாணவருக்கு அதில் நுழைய வழி இருக்காது. கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் தன் பதிவுகளின் நகலை எடுத்துக்கொள்ளட்டும். நான்கே பதிவுதான் என்பதால் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் போதும். ஆசிரியர் முழு வலைப்பதிவையும் ஏற்றுமதி செய்து கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2013இல் மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் களப்பெயரும் (இணைய முகவரி) இணைய இடமும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. படித்து முடித்ததும் மாணவர் அதைத் தன்னோடு எடுத்துச் செல்லலாம். செலவுக்கு வழியுள்ள தன்னாட்சிக் கல்லூரிகள் இதை முயலலாம்.

நாக் குழு வரும்போது இதைக் காட்டலாமா?

கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவிடம் காட்டலாம். தேதியோடும் திருத்தங்களோடும் உள்ள மாணவர் பதிவு நல்ல சான்று. குழு வருவதற்கு முந்தைய மாதத்தில் அவசரமாக நிரப்பியதும் அதே தேதிகளால் தெரிந்துவிடும்.

ஒரு பையன் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டி எழுதிட்டான். எச்ஓடி அழிக்கச் சொல்றாங்க. என்ன செய்யட்டும்?

இதற்கான விதி செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுத்தில் இருந்திருக்க வேண்டும்: கருத்துக்கு இடம் உண்டு, தனிநபரைப் பெயர்சொல்லித் தாக்குவதற்கு இல்லை, குற்றச்சாட்டு என்றால் சான்று வேண்டும். விதி இல்லாவிட்டாலும் அழிக்காதீர்கள். பதிவை வரைவு நிலைக்குத் திருப்பினால் பொதுப்பார்வையிலிருந்து போய்விடும், எழுத்தும் அதன் கீழுள்ள பின்னூட்டங்களும் மிஞ்சும். பிறகு மாணவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். ‘சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை’ என்பது அவர் கருத்து, அது நிற்கலாம். ‘காசு அடிக்கிறார்கள்’ என்பது குற்றச்சாட்டு; சான்று இல்லையென்றால் அந்த வரியை அவரே எடுக்கட்டும். நீங்கள் எடுக்காதீர்கள்.

திருத்தியதை மீண்டும் வெளியிடும் முன் துறைத்தலைவரிடம் காட்டி, எந்த வரி எதனால் மாறியது என்று சொல்லுங்கள். அப்போதும் அவர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதிவின் நகலை மாணவரிடம் கொடுத்துவிட்டு, அதற்குரிய மதிப்பெண்ணைக் குறைக்காமல் அப்படியே போடுங்கள்.